கள்ள ரியாலின் உலோகம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரிடம் நான்காம் கார்லோஸ் மன்னரின் தலையும் மெக்சிகோ நாணயச்சாலையின் குறியும் 1796 என்ற ஆண்டும் பொறித்த, 8 ரியால் எனப்படும் பழைய ஸ்பானிய வெள்ளிக் காசின் வடிவிலான நாணயம் ஒன்று இருக்கிறது. எடை 22.9 கிராம். நகைக்கடை ஒன்றில் காரட் மீட்டரில் வைத்துப் பார்த்தபோது, மன்னரின் தேய்ந்த கன்னப் பகுதியில் செம்பு 58, துத்தநாகம் 22, நிக்கல் 15, வெள்ளி 4 விழுக்காடு என்றும், மீதி இரும்பும் ஈயமும் என்றும் காட்டியிருக்கிறது. இது பழைய காலத்திலேயே புழக்கத்தில் விட்ட கள்ள நாணயமா, அண்மையில் சேகரிப்பாளர்களை ஏமாற்றச் செய்ததா, எந்த நாட்டில் அடித்தது, இதையெல்லாம் உலோகத்தை வைத்தே சொல்லிவிட முடியுமா என்று கேட்கிறார்.

என் பதில்: எந்தக் காலத்துக்கு முன்னால் செய்திருக்க முடியாது என்பதை உலோகம் உறுதியாகச் சொல்லும். எந்த முறையில் செய்தார்கள் என்பதை ஓரளவு சொல்லும். எந்த ஊரில் என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, எண்களைப் பார்த்தவுடன் ஊர்ப்பெயர் சொல்லிவிடுகிறவர்கள் நாணயச் சேகரிப்பாளர்களில் நிறைய உண்டு.

நல்ல நாணயம் எப்படி இருக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்கலாம். 1772 முதல் ஸ்பானிய அமெரிக்க நாணயச்சாலைகளில் அடித்த 8 ரியாலின் எடை ஏறத்தாழ 27.07 கிராம், ஆயிரத்தில் 903 பங்கு வெள்ளி என்பது அதன் மாற்று, அதாவது தூய்மை அளவு. 1786இல் ஸ்பானிய அரசு அந்த மாற்றை வெளியில் சொல்லாமல் 896 ஆகக் குறைத்தது. ஆகவே 1796 என்ற ஆண்டுடைய நல்ல நாணயமே, சொன்ன மாற்றைவிடச் சற்றுக் குறைந்ததுதான். அந்த வெள்ளி-செம்புக் கலவையின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 10.3 கிராம் என்பதால், நாணயத்தின் கன அளவு சுமார் 2.63 கன சென்டிமீட்டர் என்று வரும். அதே அளவுள்ள வில்லையை அடர்த்தி 8.7 அளவில் உள்ள செம்பு-நிக்கல்-துத்தநாகக் கலவையில் செய்தால் எடை 22.9 கிராம்தான் வரும். உங்கள் தராசு காட்டியதும் அதுவே. கருவி எதுவும் இல்லாமலேயே, எடையும் அளவும் மட்டும் தெரிந்தால், உள்ளே இருப்பது என்ன வகைக் கலவை என்று இவ்வளவு தூரம் நெருங்கிவிடலாம். அதனால் எந்தச் சோதனைக்கும் முன்னால், நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு எடை பார்க்கும் பழைய முறையைச் செய்து பார்க்கச் சொல்வது என் வழக்கம்.

இனி அந்தக் கலவைக்கு வருவோம். நம் வீட்டுப் பூசைச் சாமான்களில் ஜெர்மன் சில்வர் என்று சொல்கிறோமே, அதுதான் இது. பெயரில் மட்டும் வெள்ளி உண்டு. நிக்கலைத் தனி உலோகமாக சுவீடன் நாட்டு கிரான்ஸ்டெட் பிரித்தெடுத்தது 1751இல். ஆனால் செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றையும் அளவறிந்து உருக்கி, வெள்ளி போன்ற உலோகத்தை ஐரோப்பியர் தொழிலாகச் செய்யத் தொடங்கியது 1823, 1824 ஆண்டுகளில்தான்: சாக்சனியில் ஷ்னீபெர்க் ஊரில் கெய்ட்னரும், பெர்லினில் ஹென்னிகர் சகோதரர்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அதைச் செய்தார்கள். 1830ஐ ஒட்டி அது பர்மிங்காமுக்கு வந்து சேர்ந்தது. ஆகவே 15 விழுக்காடு நிக்கல் உள்ள ஐரோப்பிய வில்லையில் 1796 என்று பொறித்திருந்தால், அது அந்த ஆண்டுக்கு இருபத்தேழு ஆண்டுகளாவது பிந்தியது. அரசரின் தலையும் ஆண்டும் அச்சு வெட்டியவர் விருப்பப்படி வந்தவை. நிக்கலைத் தன் விருப்பப்படி முன்கூட்டியே வரவழைக்க அவரால் முடியாது.

இவ்வாறு நிக்கலை வைத்துக் காலம் சொல்வதற்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு, இரண்டையும் கருத்தில் கொள்ள வேண்டும். சீனாவில் இதே மூன்று உலோகங்களாலான வெண்செம்பு, அதாவது பாக்தாங், நெடுங்காலமாக இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு வந்து மெழுகுவர்த்தித் தாங்கிகளாகவும் கணப்புத் தட்டிகளாகவும் ஆனது. 1822இல் எடின்பரோவில் ஆண்ட்ரூ ஃபைஃப் பகுத்துப் பார்த்த பாக்தாங் துண்டில் செம்பு 40.4, நிக்கல் 31.6, துத்தநாகம் 25.4, இரும்பு 2.6 விழுக்காடு இருந்தன. ஜெர்மனியின் சூல் நகரத்திலும் பழைய உலோகக் கசடிலிருந்து நிக்கல் கலந்த வெண்செம்பு 18ஆம் நூற்றாண்டிலேயே எடுத்தார்கள். ஆகவே நிக்கல் இருக்கிறது என்ற ஒரே செய்தியைக் கொண்டு 1824ஐ எல்லையாக வைத்துவிட முடியாது. விகிதத்தையும் பார்க்க வேண்டும். உங்கள் எண்கள் 58, 22, 15 என்பது ஐரோப்பியப் பட்டறைகளின் வழக்கமான கலவைக்கு மிக அருகில் இருக்கிறது. ஃபைஃப் கண்ட பாக்தாங்கில் செம்பு இதைவிட மிகக் குறைவு, நிக்கல் இரண்டு மடங்கு, இரும்பும் மிகுதி. எனவே 1824க்குப் பின் என்பதை உங்கள் நாணயத்துக்குத் தயக்கமின்றிச் சொல்வேன்.

அப்படியானால் 1830களில் ஒருவர் ஏன் 1796 என்று பொறிக்க வேண்டும்? மெக்சிகோவில் ஸ்பானிய ஆட்சி 1821இல் முடிந்தபோதும் அந்த நாணயத்தின் மதிப்பு முடியவில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஸ்பானிய டாலர், அதாவது இதே 8 ரியால், 1857 வரை சட்டப்படி செல்லுபடியாகும் பணமாக இருந்தது. சீனத்தில், குறிப்பாக ஷாங்காய்ப் பகுதியில், கார்லோஸ் தலையுள்ள பழைய டாலருக்கு அதன் வெள்ளி மதிப்பையும் மீறிய விலை கிடைத்தது. புதிய மெக்சிகோ டாலரை வணிகர்கள் அவ்வளவு நம்பவில்லை. நம்பிக்கை எங்கே மிகுதியோ அங்கேதான் கள்ளம் செய்பவருக்கு இலாபம்.

இப்போது மறுபக்க எல்லை, அதாவது எதற்குப் பின்னால் செய்திருக்க முடியாது என்பது. இதுதான் சேகரிப்பாளருக்கு உண்மையில் முக்கியம். ஏனென்றால் இன்று செய்யும் போலிகளிலும் இதே வகைக் கலவையைப் பயன்படுத்துகிறார்கள். இங்கே முக்கிய உலோகங்களின் விகிதம் உதவாது. அவற்றோடு ஒட்டிவந்த துளி அசுத்தங்களே பேசும். ஷ்னீபெர்க் நிக்கல், கோபால்ட் நீலச் சாயம் செய்யும் ஆலைகளில் மிஞ்சிய கசடிலிருந்து வந்தது. அதனால் கோபால்ட்டும் ஆர்செனிக்கும் அதோடு தங்கியிருக்கும். 1830களில் பர்மிங்காமில் நிக்கல் சுத்திகரித்த எவன்ஸும் ஆஸ்கினும் பயன்படுத்திய மூலப்பொருளும் ஏறக்குறைய அதே குடும்பம். 1870களின் நடுவிலிருந்து நியூ கலிடோனியாத் தீவின் தாது வந்து சேர்ந்தது. அதில் ஆர்செனிக் கிடையாது எனலாம். 1890இல் மோண்டும் அவரது துணைவர்களும் கண்ட கார்பனைல் முறை மிகத் தூய நிக்கலைக் கொடுத்தது. செம்பிலும் இதே கதைதான்: மின்பகுப்பால் செம்பைச் சுத்திகரிக்கும் முறைக்கு ஜேம்ஸ் எல்கிங்டன் 1865இல் காப்புரிமை பெற்றார், 1869இல் வேல்ஸில் பெம்ப்ரேயில் ஆலை ஓடியது, அதற்குப் பிந்தைய செம்பில் பழைய ஆர்செனிக், ஆன்டிமனி, பிஸ்மத் துளிகள் மிகவும் குறைந்துபோகும். இன்றைய ஜெர்மன் சில்வரில் வார்ப்பு நன்றாக வர மாங்கனீசு சிறிது சேர்ப்பதும் உண்டு. ஆகவே ஆர்செனிக்கும் கோபால்ட்டும் இருந்தால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி; இரண்டும் இல்லாமல் மாங்கனீசு இருந்தால் அண்மைக் காலப் போலி என்ற ஐயம் வலுப்படும்.

கருவியின் குறையும் சரியாக இந்த இடத்தில்தான் நம் முன் வந்து நிற்கிறது. காரட் மீட்டர் என்பது எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி. நாணயத்தின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, ஒவ்வொரு தனிமமும் திருப்பி அனுப்பும் கதிரின் ஆற்றலைக் கொண்டு அதை அடையாளம் காண்கிறது. ஆர்செனிக்கின் முதன்மைக் கோடு 10.54 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் விழுகிறது. ஈயத்தின் கோடு 10.55இல். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று. உங்கள் நாணயத்தில் ஈயம் என்று கருவி சொன்னது உண்மையிலேயே ஈயமா, ஆர்செனிக்கா, இரண்டுமா என்பதை அந்த ஒரு கோட்டை வைத்துச் சொல்ல முடியாது. கோபால்ட்டின் கோடு 6.93இல் இருக்கிறது, அதன் பக்கத்திலேயே 7.06இல் இரும்பின் இரண்டாம் கோடு. இரும்பு சற்று மிகுந்திருந்தால் கோபால்ட் அதன் நிழலில் மறைந்துவிடும். நமக்குத் துப்புக் கொடுக்க வேண்டிய இரண்டு சாட்சிகளும் தற்செயலாக இப்படி ஆளுக்கொரு தூணின் பின்னால் நிற்கிறார்கள். தங்கம் பார்ப்பதற்கென அமைத்த கருவி இந்த நுணுக்கத்தைக் கவனிக்காது. தனக்குத் தெரிந்த தனிமங்களை மட்டும் வைத்துக்கொண்டு மொத்தத்தை நூறாக்கிக் காட்டும்.

இன்னொரு குறை, கருவி மேல்தோலை மட்டுமே பார்ப்பது. செம்பின் கதிர் நாணயத்தின் மேலடுக்கில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு ஆழத்திலிருந்துதான் வெளியே வரும். பழைய வெள்ளி நாணயத்தில் மேற்பரப்புச் செம்பு வியர்வையிலும் மண்ணிலும் கரைந்து போயிருக்கும்; போதாதற்கு நாணயச்சாலையிலேயே வில்லையை அமிலத்தில் வெளுத்திருப்பார்கள். அதனால் 896 மாற்றுள்ள நல்ல நாணயம் 930 என்றுகூடக் காட்டும். அதைவிடச் சிக்கலானது ஷெஃபீல்ட் தகடு. 1740களில் ஷெஃபீல்டில் தாமஸ் போல்சோவர் கண்டுபிடித்த முறை அது: செம்புக் கட்டியின் ஒருபுறத்தில், பின்னாளில் இருபுறமும், 92.5 விழுக்காட்டு வெள்ளித் தகட்டை ஒட்டி, சூடாக்கி, உருளையில் கொடுத்து மெல்லியதாக்குவது. அந்தத் தகட்டில் அடித்த கள்ள ரியாலைக் காரட் மீட்டரில் வைத்தால் நல்ல நாணயத்துக்குரிய எண்ணே வரும். கருவி பொய் சொல்லவில்லை. அது தொட்ட இடத்தில் இருந்தது நல்ல வெள்ளிதான். அந்த நாணயத்தைக் காட்டிக்கொடுப்பது அடர்த்தியும் விளிம்பும். நல்ல 8 ரியாலின் விளிம்பில் வட்டமும் செவ்வகமும் மாறி மாறி வரும் கோலம் உண்டு. தகட்டுக் கள்ளத்தில் அந்த விளிம்பில்தான் உள்ளே இருக்கும் செம்பை மறைக்க வேண்டியிருக்கும், பூட்டுவாய் எங்கேயாவது தெரிந்துவிடும். சீன வணிகர்கள் ஒவ்வொரு டாலரிலும் தம் முத்திரையைக் குத்திப் பார்த்ததும் இதற்காகத்தான். அந்தக் குத்தில் சிவப்புத் தெரிந்தால் அன்றைக்கே வழக்கு முடிந்தது.

உங்கள் நாணயத்தில் தெரியும் 4 விழுக்காடு வெள்ளி, கலவையில் சேர்ந்ததன்று; தேய்ந்துபோன முலாமின் மிச்சம். கன்னத்தில் 4 என்றால், எழுத்துகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் அளந்தால் அது பன்மடங்கு உயரும் என்றே எதிர்பார்க்கிறேன். அங்கே பாதரசம் தெரிகிறதா என்றும் பாருங்கள். பாதரசத்தில் வெள்ளியைக் கரைத்துப் பூசி, சூட்டில் பாதரசத்தைப் போக்கும் முலாம் மிகப் பழையது. மின்முலாமுக்கு எல்கிங்டன் நிறுவனத்தார் 1840இல் காப்புரிமை பெற்ற பிறகு அது மெல்லப் பின்தங்கியது. ஆனால் பாதரசம் கண்டதும் 1840க்கு முன் என்று எழுதிவிடாதீர்கள். மின்முலாம் போடுவதற்கு முன்னும் வெள்ளி நன்றாகப் பற்றிக்கொள்ள வில்லையைப் பாதரசக் கரைசலில் ஒரு முறை முக்கி எடுப்பார்கள். பாதரசம் மிகுதியாக, எல்லாப் பள்ளங்களிலும் இருந்தால் பழைய முறை. சுவடாக மட்டும் இருந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

மட்ட வெள்ளியில் அடித்த கள்ள நாணயங்கள் வேறு வகை. உங்களுடையது அந்த வகையன்று என்றாலும், உலோகப் பகுப்பு தன் முழு வலிமையைக் காட்டுவது அங்கேதான் என்பதால் சற்று நிற்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முந்தைய வெள்ளியில் தங்கம் மிகச் சிறிய அளவில் கூடவே இருக்கும். அதைப் பிரித்தெடுக்கும் செலவு, கிடைக்கும் தங்கத்தின் விலையைவிட மிகுதியாக இருந்தது. கள்ளம் செய்பவர் நல்ல டாலர்களை உருக்கிச் செம்பைக் கூட்டினால் வெள்ளியின் விழுக்காடு குறையும், தங்கத்தின் விழுக்காடும் குறையும், ஆனால் வெள்ளிக்கும் தங்கத்துக்கும் இடையிலுள்ள விகிதம் மாறாது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பாலில் கொழுப்புக்கும் சர்க்கரைக்கும் உள்ள விகிதம் மாறாததைப் போல. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஏடன் கோர்டஸ், நாணயத்தை வெட்டாமல் சொரசொரப்பான குவார்ட்ஸில் இலேசாக உரசி, அந்தக் கீற்றை நியூட்ரான் கொண்டு கதிரியக்கமாக்கி இத்தகைய அளவுகளை எடுத்தார். நம் ஊர் உரைகல்லின் அணுயுகத் தம்பி என்று அதைச் சொல்லலாம். இன்றைய பொலிவியாவிலுள்ள பொட்டோசிச் சுரங்கத்து வெள்ளியில் தங்கம் மிகக் குறைவு, இண்டியம் என்ற அரிய தனிமம் உண்டு. மெக்சிகோ வெள்ளியில் தங்கம் மிகுதி. ஐரோப்பிய நாணயங்களில் பொட்டோசி வெள்ளி எப்போது வந்து சேர்ந்தது என்று தேடிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் இந்த இண்டியத்தைத்தான் பின்தொடர்ந்தார்கள். மெக்சிகோக் குறியுள்ள மட்ட வெள்ளிக் காசில் பொட்டோசியின் விகிதம் கிடைத்தால் அது நல்ல துப்பு. 1884இல் மோபியஸ் கண்ட மின்பகுப்பு முறைக்குப் பிறகு வெள்ளியிலிருந்து தங்கமும் ஈயமும் பெரும்பாலும் நீங்கிவிட்டன. ஆகவே தங்கமே இல்லாத வெள்ளியில் செய்த 1796 ரியால் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைக் கீழே வைத்துவிடுவேன்.

ஆனால் அங்கேயும் உலோகம் சொல்வது சுரங்கத்தை, பட்டறையை அன்று. உருக்கியது லிமா டாலரா மெக்சிகோ டாலரா என்பது தெரியலாம். அதை உருக்கிய உலை பர்மிங்காமில் இருந்ததா, நியூயார்க்கில் இருந்ததா, கான்டனில் இருந்ததா என்பது அதில் எழுதியிருக்காது. பல நாட்டு நாணயங்களை ஒரே மூசையில் போட்டிருந்தால் சுரங்கமும் கலங்கிவிடும். ஜெர்மன் சில்வரில் நிலைமை இன்னும் மோசம்: கட்டியாகவும் தகடாகவும் கப்பலேறி விற்ற சரக்கு அது. சாக்சனி நிக்கல் கொண்ட தகட்டைக் கடல் தாண்டி வாங்கியவரும் நாணயம் அடித்திருக்கலாம்.

ஊரைக் கண்டுபிடிக்க அச்சைத்தான் பார்க்க வேண்டும். ஒரே அச்சில் அடித்த கள்ள நாணயங்களைத் தேடிச் சேர்த்து, அவற்றின் உலோகத்தைப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தால் பட்டறையின் வரலாறு தெரியவரும்: முதலில் முலாம் பூசிய செம்பு, பிறகு அதே அச்சு விரிசல் விட்ட நிலையில் ஜெர்மன் சில்வர் என்பது போல. அப்போதுதான் 1824 என்ற எல்லை ஒரு நாணயத்துக்கு மட்டுமன்றி அந்தக் குடும்பம் முழுவதற்கும் பயன்படும். இந்த வழியின் முன்னோடி என்று நான் மதிப்பவர் நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையில் உருக்கும் பொறுப்பில் இருந்த வேதியியலாளர் ஜான் ரிடெல். நல்லதும் கள்ளமுமான வெள்ளி டாலர்களின் படங்களையும் எடையையும் மாற்றையும் சேர்த்து 1845இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். உங்கள் நாணயத்தின் அச்சு அதில் இருக்கும் படங்களோடு பொருந்தினால், அமெரிக்காவில் 1845க்கு முன் புழங்கியது என்ற மேல் எல்லை எந்தக் கருவியும் இல்லாமல் கிடைத்துவிடும்.

எழுத்துச் சான்றின் அருமைக்கு நம் பக்கத்துக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். 1790களில் லண்டன் நீதிபதி பாட்ரிக் கால்ஹூன் அந்நகரின் குற்றங்களைப் பற்றி எழுதியபோது, ஆற்காட்டு நட்சத்திர வராகன் என்ற பொற்காசையும் லண்டனிலேயே கள்ளமாக அடித்ததைக் குறிப்பிட்டார். வெளுத்த செம்பில் அடித்து இருமுறை பொன்முலாம் பூசியவை அவை. நல்ல வராகனின் ஓரத்தில் எப்போதும் இருக்கும் வெடிப்பும் கூட வரும்படி உலோகத்தைப் பதப்படுத்தியிருந்தார்களாம். ஒன்றுக்கு ஒன்றரைப் பென்னி அடக்கம். இந்தியாவில் 8 ஷில்லிங் மதிப்பில் புழக்கம். அப்படிப்பட்ட வராகன் ஒன்று இன்று ஆர்க்காட்டில் மண்ணிலிருந்து கிடைத்தால், உலோகம் மட்டும் பார்ப்பவர் ‘முலாம் பூசிய செம்பு, உள்ளூர்த் தட்டார் வேலை’ என்று எழுதி முடித்துவிடக் கூடும். அது தேம்ஸ் கரையில் பிறந்தது என்பதை அதிலுள்ள தனிமம் எதுவும் சொல்லியிராது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவை. நாணயத்தைத் தேய்க்கவோ பளபளப்பாக்கவோ வேண்டாம். பள்ளத்தில் மிஞ்சிய முலாம்தான் சான்று. விளிம்பைச் சுற்றிலும், முகத்தை நேர் மேலாகவும் படமெடுத்து அச்சை ஒப்பிடுங்கள். பிறகு கடைக்காரக் கருவியை விட்டு, அலைமாலையின் மூல வரைபடத்தையே கொடுக்கக்கூடிய ஓர் ஆய்வகத்தில் மூன்று இடங்களில் அளக்கச் சொல்லுங்கள்: தேய்ந்த கன்னம், எழுத்தின் பள்ளம், விளிம்பு. எண்களைக் கேட்காதீர்கள், வரைபடத்தைக் கேளுங்கள். அதில் 12.61இல் ஈயத்தின் இரண்டாம் கோடு எவ்வளவு உயரம் என்று பார்த்து, அதற்கு உரிய அளவைவிட 10.5இல் உள்ள கோடு உயரமாக இருந்தால், அல்லது 11.73இல் தனியாக ஒரு சிறு மேடு எழுந்திருந்தால், அது ஆர்செனிக். அது இருந்தால் உங்கள் ரியால் 1824க்கும் ஏறத்தாழ 1875க்கும் இடையில் வணிகர்களின் கையில் உண்மையாகவே ஏமாற்றித் திரிந்த ஒன்று என்று நான் எழுதித் தரத் தயார். அடித்த ஊருக்கு மட்டும் அச்சின் பதில் வரும்வரை இடத்தை வெறுமையாகவே விட்டுவைப்பேன்.